பாத்துட்டு வாங்கலாம்

பொருள் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்காதவர்களையும் தெரியும். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில், ஒரு காலைக் கடைக்குள்ளும் மறு காலை வாசற்படியிலும் வைத்துக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல், பின்னால் வருகிறவருக்கு வழியும் விடாமல் நிற்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அந்த இனத்தின் பெயர் வாங்கப்போகிறவர்.

இவரைக் கருமி என்று நினைத்துவிடாதீர்கள். கருமிக்கு ஆசை கிடையாது. இவருக்கு ஆசை தொண்டை வரை இருக்கிறது. கையில் காசில்லாதவர் என்றும் எண்ண வேண்டாம். காசு இருக்கிறது, அது பாட்டுக்குப் பத்திரமாக இருக்கிறது. பின்னே என்னதான் தடை? அறிவு. வாங்கப்போகிற பொருளைப் பற்றி இவருக்குத் தெரிந்த அளவுக்கு அதைச் செய்தவனுக்கே தெரியாது. சந்தைக்குப் போனால் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எல்லாரும் செய்கிற காரியம்தான். இவர் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, அதன் தாய்க்குப் பல் எப்படி இருந்தது என்று விசாரித்து, அடுத்த சந்தையில் இதைவிட நல்ல மாடு இறங்கப்போகிறதாமே என்று நாலு பேரிடம் கேட்டு, சந்தை கலைந்த பிறகு வெறுங்கயிற்றோடு வீட்டுக்கு வருவார். வந்து, "நல்லவேளை, ஏமாறாம தப்பிச்சேன்" என்பார்.

நாம் பார்க்கப்போகிற ஆசாமிக்குத் தெருவில் பாத்துட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருக்கிறது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்கிறது. எதைப் பற்றிக் கேட்டாலும் "பாத்துட்டு வாங்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே, வாக்கியத்தின் முதல் பாதி பெயராகி ஒட்டிக்கொண்டது. இரண்டாம் பாதி, அதாவது வாங்கலாம் என்பது, இதுவரை நடக்காததால் யாரும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாத்துட்டு வேலை பார்ப்பது அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில், கொள்முதல் பிரிவில். ஆமாம், வாங்குவதுதான் அவர் தொழில். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் ஒரு லாரி பழுப்புக் காகிதத்துக்கும் இரண்டு பீப்பாய் பசைக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார். கை நடுங்காது. ஒருமுறை வெட்டும் இயந்திரம் ஒன்றையே, பல் குத்திக்கொண்டே வாங்கியிருக்கிறார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாரோ இல்லையோ, அந்தக் கை மரத்துப்போகும். ஆபீஸ் பணம் என்றால் ஊரான் காசில் மொய்யெழுதுகிற தைரியம். சொந்தப் பணம் என்றால் சூடுபட்ட பூனை. அந்தப் பூனை மூன்று வருஷமாகச் சுற்றிவந்த பால் கிண்ணம் எது தெரியுமா? ஓர் ஆம்ப்ளிஃபயர்.

ஆம்ப்ளிஃபயர் எதற்கு? நியாயமான கேள்வி. இதற்கு நீங்கள் அவர் மனைவியின் குரலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாத்துட்டின் மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை. டாக்டர் அல்ல, நர்ஸ் அல்ல. வரவேற்பு மேசையில் மைக்கைப் பிடித்து டோக்கன் எண் கூப்பிடுகிறவர். "டோக்கன் நம்பர் பதினேழு, மூணாம் நம்பர் அறைக்கு வாங்க." இவ்வளவுதான் வசனம். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, அதைக் கேட்டதும் பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று நோயாளிகள் சொல்வார்கள். பதினேழாம் எண்ணுக்குரியவர் எழுந்து போக மனசில்லாமல் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் உண்டு. அதே குரலில் அவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினால், சண்டைக்கு வந்த பிள்ளைகள்கூட அடங்கி உட்கார்ந்துவிடும்.

இந்தக் குரலைத்தான் ஓர் ஒலிப்புத்தகக் கம்பெனி கேட்டது. குழந்தைக் கதைகளை வாசித்துப் பதிவுசெய்ய ஆள் தேடினார்கள். ஒரு கதையைப் பதிவுசெய்து மாதிரிக்கு அனுப்ப வேண்டும். கைபேசியில் பதிவுசெய்தது எடுபடாது, தனி மைக் வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. பிடித்துப்போனால் வீட்டிலிருந்தபடியே வேலை. நாள் முழுக்க எண்களைக் கூப்பிட்டே அலுத்துப்போன ஒருத்திக்கு, வாயைத் திறந்தால் ராஜாவும் நரியும் பேசுகிற வேலை. ஆசைப்படமாட்டாரா?

ஆசைப்பட்டார். ஆசைப்பட்டது தப்பில்லை. அதைக் கணவரிடம் சொன்னாரே, அதுதான் தப்பு.

"மைக்ல பேசி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, அனுப்பிட வேண்டியதுதானே?" என்றார் மனைவி.

பாத்துட்டு சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் தகப்பன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

"பேசறது பெரிசில்லம்மா. பேசினது எப்படி இருக்குன்னு நாம கேக்கணும்ல? ஹெட்போன்ல கேட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அது முகஸ்துதி பண்ற சாதனம். உண்மையைச் சொல்றது ஸ்பீக்கர் மட்டும்தான். நல்ல ஸ்பீக்கர், அதுக்கேத்த ஆம்ப்ளிஃபயர். அதுவும் நம்ம கைக்கு அடக்கமா. நீ கவலைப்படாதே, நான் பாத்துட்டு வாங்கறேன்."

இந்த இடத்தில் மனைவி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, நம்பினார்.

மைக்கை மனைவியே தன் சம்பளத்தில் வாங்கிவந்தார். மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற கையடக்கமான பெட்டியை அவருடைய தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், அக்கா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தான். ஸ்பீக்கர் ஜோடி மட்டும் பாத்துட்டின் பங்கு. ஆபீசில் மாற்றலாகிப் போன ஒருவர், பிரிக்காத பெட்டியோடு பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போக, யோசிக்க நேரமில்லாத ஒரு பலவீனமான தருணத்தில் இவர் வாங்கிவிட்டார். வாங்கியதற்காக ஒரு வாரம் வருத்தப்பட்டார். அப்புறம் பெட்டியை அப்படியே கட்டிலுக்கு அடியில், எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்க்கும்படி தள்ளிவிட்டார்.

"பிரிச்சுப் பாக்கலையா?" என்றார் மனைவி.

"ஆம்ப்ளிஃபயர் இல்லாம ஸ்பீக்கரைப் பிரிச்சு என்ன பண்றது? தூசிதான் படியும். அது வர்ற அன்னிக்குப் பிரிப்போம்."

இங்கே இந்த இனத்தின் ஒரு முக்கியமான குணத்தைக் கவனியுங்கள். வாங்கப்போகிற பொருளுக்காக உயிரைக் கொடுப்பார்கள். வாங்கிவிட்ட பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வாங்கிய கணமே அது அறிவின் எல்லையிலிருந்து வெளியேறிக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வரி படித்தாரா? படிக்கவில்லை. அதுதான் வந்துவிட்டதே. படிக்க வேண்டியது வராததைப் பற்றி அல்லவா?

வராததைப் பற்றி மனிதர் படித்த படிப்பு இருக்கிறதே, அதைக் கல்லூரியில் படித்திருந்தால் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பார். வாட்ஸ் என்றால் என்ன, சொல்கிற வாட்ஸ் வேறு வருகிற வாட்ஸ் வேறு என்பதன் தாத்பரியம் என்ன, கைக்கடக்கமான சின்ன ஆம்ப்ளிஃபயர்களில் எது சூடாகும், எது இரையும், எது மழைக்காலத்தில் மட்டும் இரையும், எந்தப் பெட்டிக்குள் இருக்கிற பட்டாணி அளவுச் சிப்பைக் கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் மாற்றிவிட்டான், மாற்றுவதற்கு முன்னால் வந்த பெட்டி எந்தக் கடையில் இன்னும் தூங்குகிறது, எல்லாம் விரல் நுனியில். போனில் திறந்து வைத்த பக்கங்கள் பெருகிப் பெருகி, எண்ணிக்கையைக் காட்டுகிற இடத்தில் போனே எண்ணுவதைக் கைவிட்டு ஒரு சிரித்த முகத்தைக் காட்ட ஆரம்பித்தது. அதைப் போன் தன்னைப் பாராட்டுவதாக அவர் எடுத்துக்கொண்டார்.

போனில் படம் போட்டு விளக்குகிற நிபுணர்கள் இருக்கிறார்களே, அவர்களில் தாடி வைத்த ஒருவர் ஒரு பெட்டியை "இதை வாங்கினால் போதும்" என்பார். பாத்துட்டு முடிவெடுத்துவிடுவார். வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, அந்தப் படத்துக்குக் கீழே பெயர் தெரியாத யாரோ ஒருவர் "எனக்கு இடது பக்கம் கொஞ்சம் அமுங்கிக் கேட்கிறது" என்று எழுதியிருப்பதைப் பார்ப்பார். போச்சு. தாடி சொன்ன ஆயிரம் சொல்லைவிடத் தலையில்லாத ஒருவன் சொன்ன ஒரு சொல் பெரிசு. அவனுக்கு எந்தப் பக்கம் காதில் அழுக்கோ, யாருக்குத் தெரியும்? ஆனால் ஊரார் ஒருவரின் இடது காதுக்காக இந்த வீட்டில் மூன்று மாதம் ஓடிவிடும்.

மாமியார் ஒருமுறை வந்து தங்கியிருந்தார். மருமகன் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடி, "எட்டு ஓம்... நாலு ஓம்... எட்டு ஓம்..." என்று முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு மகளைத் தனியே அழைத்தார்.

"ஏண்டி, மாப்பிள்ளைக்கு இந்த வயசுலயே பக்தி முத்திப்போச்சா?"

"பக்தியுமில்ல ஒண்ணுமில்லம்மா. ஸ்பீக்கருக்கு வர்ற கணக்கு அது."

"எதுக்கும் அவர் துணியெல்லாம் வெள்ளையா இருக்கான்னு பாத்துக்கோ. காவிக்கு மாறினா சொல்லு."

கடைக்குப் போவதும் உண்டு. போகாமல் என்ன? கடைவீதியின் கோடியில் ஒலிக்கருவி விற்கிற கடை. கடைக்காரர் பருத்த மனிதர். பாத்துட்டு தெருமுனையில் திரும்பும்போதே விளக்கைப் போட்டு, மின்விசிறியைத் தட்டி, பொழுது போக ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாற்காலியைத் துடைப்பார்.

"வாங்க பாத்துட்டு சார். இன்னிக்கு எதைப் பாத்துட்டுப் போறீங்க?"

"போன தடவை காட்டுனீங்களே, கறுப்புப் பெட்டி."

"அது வித்துப்போச்சு சார். பாத்துக்கிட்டே இருந்தீங்க, வேற ஒருத்தர் பாக்காமலே தூக்கிட்டுப் போயிட்டார்."

"நல்லதாப் போச்சு. அதுல பின்னாடி திருகு சரியில்லைன்னு படிச்சேன்."

"சரி, இது?" கடைக்காரர் வெள்ளி நிறப் பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார். "உங்க ஸ்பீக்கர் எத்தனை ஓம் சார்? அதைச் சொன்னா பொருத்திக் காட்டிடுவேன்."

"ஸ்பீக்கர் பெட்டியில இருக்கு. பிரிக்கல. எதுக்கும் நாலு ஓம், எட்டு ஓம் ரெண்டையும் தாங்கற மாதிரி காட்டுங்க."

"பொண்ணு எந்த உயரம்னு தெரியாம மாப்பிள்ளை தேடுற மாதிரி இருக்கு" என்பார் கடைக்காரர்.

பாத்துட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார். கனத்தை உணர்வார். குமிழைத் திருகி, அது திரும்புகிற வழுவழுப்பில் மெய்மறப்பார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பார். எதற்கென்று இதுவரை யாருக்கும் தெரியாது. பிறகு, எல்லாம் திருப்தியாகி, இனி மறுக்க ஒரு காரணமும் இல்லை என்கிற அந்த ஆபத்தான முனையில் நின்று, ஒரு பெருமூச்சு விட்டுக் கேட்பார்: "புது மாடல் எப்ப வரும்?"

எந்தக் கடைக்காரரும் இதற்கு வராது என்று சொல்லமுடியாது. வரும். எல்லாவற்றிலும் புது மாடல் வந்தே தீரும். அதுதான் இந்த இனத்துக்கு இயற்கை கொடுத்த ஓடு. ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல, ஆபத்து வந்ததும் இவர் அதற்குள் இழுத்துக்கொள்வார்.

இப்படியாக ஒலிப்புத்தகக் கம்பெனி மாதிரிப் பதிவுக்குக் கொடுத்த முதல் கெடு கடந்தது. மறுநாள் மருத்துவமனையில் டோக்கன் எண்களை மனைவி கொஞ்சம் அழுத்தமாகக் கூப்பிட்டதாகவும், நோயாளிகள் வழக்கத்தைவிட வேகமாக எழுந்து ஓடியதாகவும் கேள்வி.

கம்பெனிக்காரர்கள் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். இந்தமுறை ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: குழந்தைக் கதைகளுக்கு இதுவே கடைசி அழைப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் பதிவு வந்துசேர வேண்டும்.

செய்தி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் மனைவி, மனைவியின் தம்பி, பாத்துட்டு மூவரும் இருந்தார்கள்.

"மாமா, ஆம்ப்ளிஃபயர் பொறந்துடுச்சா, இல்ல இன்னும் வலிதானா?" என்றான் மச்சான்.

"கிண்டல் பண்ணு. நாளைக்கு உங்கக்கா குரல் தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி போச்சுன்னா, யாருக்கு அவமானம்?"

"போகவே மாட்டேங்குதே மாமா. போனாத்தானே தகரமா வெண்கலமான்னு தெரியும்?"

"இன்னும் ஒரு மாசத்துல விலை இறங்கும். நான் எல்லாம் பாத்து..."

மனைவி தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனாலும் பாத்துட்டு வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டார்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். இத்தனை வருஷமா நான் ஊர்ல இருக்கறவங்க நம்பரையெல்லாம் கூப்பிட்டுட்டேன். என் நம்பர் ஒரு தடவை வந்துச்சு, நீங்க பாத்துட்டு இருந்தீங்க, போயிடுச்சு. இப்ப ரெண்டாம் தடவை கூப்பிடறாங்க. எங்க ஆஸ்பத்திரியில மூணாம் தடவை கூப்பிடற வழக்கம் கிடையாது. எனக்கு ஆம்ப்ளிஃபயரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். இருக்கறதை வெச்சுப் பேசி அனுப்பப்போறேன்."

பாத்துட்டுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியின் ஏமாற்றம் அவரைச் சுட்டது. பொய் சொல்லக் கூடாது, சுட்டது. ஆனால் அதைவிடச் சுட்டது எது என்றால், ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே காரியம் நடந்துவிடும் என்கிற வாய்ப்பு. அப்படி நடந்துவிட்டால், மூன்று வருஷம் மனிதர் படித்ததெல்லாம் என்ன ஆவது? அவமானத்தில் எத்தனையோ வகை உண்டு. தேவைப்படாத அறிவாளியாக நிற்பதுதான் அதில் தலையானது.

மறுநாள், வியாழக்கிழமை, ஆபீஸ் முடிந்ததும் மச்சானை வேனோடு வரச்சொல்லிக் கடைக்குப் போனார். காலி வேனில், பள்ளிப் பிள்ளைகள் கால் மடக்கி உட்காருகிற குட்டை இருக்கையில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து போனார். வெள்ளிப் பெட்டியை எடுத்துவைத்தார் கடைக்காரர். தூக்கல், திருகல், முகர்தல் எல்லாம் முறைப்படி நடந்தன. பெருமூச்சு வந்தது. கேள்வி உதட்டுக்கு வருவதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"இது உங்களுக்குக் கிடைக்காது சார். கடைசிப் பெட்டி. வேற ஒருத்தர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கார். நீங்க சும்மா பாருங்க."

வேறு ஒருத்தர். இந்த வேறு ஒருத்தரை உங்களுக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. எல்லாக் கடைகளுக்கும் இவர் ஒரே ஆள்தான். முகமில்லை, முகவரியில்லை, ஆனால் நமக்குப் பிடித்ததெல்லாம் அவருக்கும் பிடிக்கும், நமக்கு ஒரு நாள் முன்னால் பிடிக்கும். மூன்று வருஷமாக வாட்ஸுக்கும் ஓமுக்கும் அசையாத மனிதர் அந்த முகமில்லாதவரின் பெயரைக் கேட்டதும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அவருக்கு வேற பாத்துக் குடுங்க. இது எனக்கு."

மச்சான் வாயைப் பிளந்தான். கடைக்காரர் பணத்தை வாங்கும்போது, பழகிய நண்பரை ஊருக்கு வழியனுப்புகிறவர்போல இருந்தார். இனி சாயங்காலங்களில் யார் வருவார்கள்?

வெள்ளிக்கிழமை. பாத்துட்டும் லீவு. ஆம்ப்ளிஃபயரை மேசை நடுவில், மெத்தென்று ஒரு துண்டை விரித்து வைத்திருந்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் படுத்து, ஸ்பீக்கர் பெட்டியை இழுத்து, சிலந்தி வலையைத் துடைத்து, கத்தியால் ஒட்டுத்தாளைக் கீறினார். அட்டைப்பெட்டியின் தரத்தைத் தடவிப்பார்த்து, "மூணடுக்கு, நல்ல சரக்கு" என்று தொழில் மரியாதை செலுத்தினார். ஸ்பீக்கர்கள் வந்தன. கூடவே இரண்டு தடித்த மின்சார வயர்கள்.

"இது எதுக்கு?" என்றார் மனைவி.

"வேற எதோ பொருளோடது மாறி வந்திருக்கு. பேக்கிங்ல இதெல்லாம் சகஜம்" என்று வயர்களை ஓரமாகப் போட்டார் பாத்துட்டு.

ஆம்ப்ளிஃபயர் வயரின் இரு நுனியையும் பல்லால் கடித்து உரித்து, ஸ்பீக்கரைத் திருப்பினார். முதுகில் அந்த நுனியைச் சொருக இடமில்லை. மற்றதைத் திருப்பினார். அதிலும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு சுவிட்ச், ஒரு குமிழ், மின்சார வயர் செருகுகிற மாதிரி ஒரு பள்ளம். தலைகீழாக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"செய்யறவன் மறந்துட்டான். ஆம்ப்ளிஃபயர் வயருக்கு இடமே வைக்கல. இப்படி ஒரு குறையுள்ள பொருளைத் தலையில கட்டிட்டானே. இதுக்குத்தான் நான் எதையும் பாத்துட்டு..."

மனைவி கீழே கிடந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க."

"இரு."

"ஏங்க, உள்ளேயே இருக்காம்."

"எது?"

"ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கருக்கு உள்ளேயே வெச்சிருக்காங்களாம். தனியா ஒண்ணும் வேண்டாமாம். கரண்ட்ல சொருகினாப் போதுமாம். இந்த வயர் அதுக்குத்தான்."

எல்லாம் உள்ளேயே இருக்கிறது, வெளியே தேடாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அது கடவுளைப் பற்றி என்று இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிப் பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். இவர் வெண்ணெயை அல்ல, நெய்யையே கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே படுத்துத் தூங்கி, எழுந்து நெய்க்கு அலைந்திருக்கிறார்.

மச்சான் அங்கே இல்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கருணை.

மனைவி வயர்களைச் செருகினார், சுவிட்சைப் போட்டார், மைக்கின் முன்னால் உட்கார்ந்து வழக்கமாக வாயில் வருவதையே பதிவுசெய்து பார்த்தார். அதை ஓடவிட்டபோது, "டோக்கன் நம்பர் பதினேழு, மூணாம் நம்பர் அறைக்கு வாங்க" என்று ஸ்பீக்கரிலிருந்து வந்தது பாருங்கள், பாத்துட்டு நின்ற இடத்தில் நின்றுவிட்டார். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் கேட்ட குரல்தான். இப்படிக் கேட்டதில்லை. மூன்றாம் நம்பர் அறை எங்கே இருந்தாலும் எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பாக இருக்கலாம். பாராட்டாக இருக்கலாம். மனைவி நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தார்.

"பின்னாடி லேசா ஙொய்னு ஒரு சத்தம், கவனிச்சியா?" என்றார் பாத்துட்டு.

"ஃப்ரிட்ஜ்."

"அதை நிறுத்தலாம். ஆனா சுவர்ல குரல் முட்டித் திரும்புது. இதுக்குன்னே சுவர்ல ஒட்ற பஞ்சு அட்டை விக்கிறாங்க. முக்கோணமா ஒண்ணு, முட்டைத் தட்டு மாதிரி ஒண்ணு. எது நல்லதுன்னு பாத்துட்டு..."

மனைவி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். நோயாளிகள் கேட்டால் எலும்பு முறிவோடுகூட எழுந்து நடக்கிற அந்தக் குரலில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னார்:

"டோக்கன் நம்பர் ஒண்ணு. வெளியில போய் உக்காருங்க."

பாத்துட்டு போனார். கதவு சாத்தப்பட்டது. ஃப்ரிட்ஜ் நின்றது. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, மூடிய கதவு வழியாகக் கதையைக் கேட்டார். ஒரு நரி பேசியது, ஒரு கிழட்டு ராஜா இருமினார், ஒரு கொக்கு பொய் சொன்னது. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், ஒரு கதவு குறுக்கே இருந்தும் எல்லாம் கேட்டது. கதை முடியும் தறுவாயில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனிதர் கதவிடுக்கில் வாயை வைத்து, ரகசியமாகத்தான், ஒரு வார்த்தை சொன்னார். வெயில் சாய்வதற்குள் பதிவு போய்ச் சேர்ந்தது. மனைவி அதைத் திருப்பிப்போட்டுக் கேட்கவில்லை. திருப்பிப்போட்டால் வெளியே இருக்கிறவர் கேட்பார், கேட்டால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் அலுவலகம் மூடிவிடும் என்று மனைவிக்குத் தெரியும். அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் பதில் வந்தது. குரல் மிகவும் பிடித்திருக்கிறது, வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். கீழே ஒரு சின்னக் குறிப்பு: கடைசி வரியை மட்டும் மறுபடி பதிவுசெய்து அனுப்பவும். "ராஜா நிம்மதியாகத் தூங்கினார்" என்ற இடத்தில், தூரத்தில் ஓர் ஆண் குரல் "பாத்துட்டு அனுப்பு" என்று சொல்வது கேட்கிறது. இந்தப் பாத்திரம் கதையில் இல்லை.

மச்சான் இதைப் படித்துவிட்டுத் தரையில் உருண்டான். மனைவியும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சிரிக்காமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது ஒரே ஒருவர்தான்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். பாத்துட்டு அனுப்பியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமா?"

இந்த இனத்தைத் திருத்த முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தன்னால் வந்த குற்றத்தையே தன் கட்சிக்குச் சாட்சியாக நிறுத்துகிறவரை எந்தக் கோர்ட்டு என்ன செய்யும்?

மனைவி இப்போது டோக்கன் கூப்பிடுவதில்லை. வீட்டில் தினமும் நரியும் கொக்கும் பேசுகின்றன. வெள்ளி நிற ஆம்ப்ளிஃபயர் அதன் பெட்டியில், கட்டிலுக்கு அடியில், எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றா நினைத்தீர்கள்? அவ்வளவு நல்ல பொருளையா? போன வாரம் கடைவீதிக் கோடியில் விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது, கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பாத்துட்டு சார். இன்னிக்கு என்ன?"

"என்கிட்ட அருமையான ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு இருக்கு. அதுக்குத் தோதா, கைக்கு அடக்கமான விலையில ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாக்கணும். அவசரமில்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே உங்கள் கண் ஒருதரம் கட்டிலுக்கு அடியிலோ, பரணுக்கோ, அலமாரியின் மேல் தட்டுக்கோ போய்வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. அங்கே பிரிக்காமல் ஒரு பெட்டி இருக்கிறது, இல்லையா? அதற்கு இன்னும் ஒரே ஒரு பொருள் வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த ஒரு பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஏதுமில்லை. இந்தக் கட்டுரையைக்கூட, ஆம்ப்ளிஃபயர் வாங்க உதவியாக ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதானே வாசிக்க ஆரம்பித்தீர்கள்?

உள்ளே யாரோ எண் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் டோக்கன் மாதிரி இருக்கிறது.